சார்ல்ஸ் கொரியா அமைத்த அரும்பொருளகங்கள்



கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று விந்தையான காரியந்தான். படம் காட்ட இயலாது. வரைபடத்தை விரித்து வைத்து விரலால் சுட்டவும் இயலாது. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கலைஞரின் கட்டடங்களைக் கண்ணை மூடிக்கொண்டும் உணரலாம். காலுக்கடியில் கல் தரை, முகத்தில் காற்று, தோளில் வெயில், அடுத்த நான்கு அடியில் நிழல், எங்கோ அருகில் நீரின் குளிர்ச்சி. இவற்றைக் கொண்டுதான் அவர் கட்டினார். செங்கல்லும் சிமெண்டும் இவற்றுக்குத் துணைப்பொருள்கள் என்றே சொல்லலாம். அவர் பெயர் சார்ல்ஸ் கொரியா. இந்தியாவின் நால்வகைத் திசைகளிலும் கட்டினார் என்றாலும், அரும்பொருளகங்களையும் கலை மன்றங்களையும் அமைத்தவர் என்ற வகையில்தான் அவரை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். 2015-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் மும்பையில் காலமானார்.

பினாங்கில் இருக்கும் நமக்கு, அதிலும் தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு, இவரைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. செபராங் பிறையிலிருந்து நம் மக்கள் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வருகிறார்கள். தைப்பூசத்துக்கு வருகிறார்கள், குவீன் தெரு மாரியம்மன் கோவிலுக்கு வருகிறார்கள், கடைத்தெருவில் சேலை எடுக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அரும்பொருளகத்துக்குள் போனவர்கள் எத்தனை பேர்? பெற்றோரைக் கேட்டால், "அங்க நமக்கு என்னங்க சார் இருக்கு?" என்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இதற்குக் காரணமன்று. உயர்ந்த படிகள், பெரிய கதவு, சீருடைக் காவலர், பளபளக்கும் தரை. இவற்றைக் கண்டதும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற தயக்கம் வந்துவிடுகிறது. கோவிலிலும் செருப்பைக் கழற்றுகிறோம். ஆனால் அங்கே அந்தத் தயக்கம் இல்லை. ஒரு கட்டடம் தன் வடிவத்தாலேயே சிலரை வா என்கிறது, சிலரைப் போ என்கிறது. இதைத் தம் தொழில் வாழ்க்கை முழுவதும் சிந்தித்தவர் கொரியா.

1930-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் செகந்தராபாத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கோவா. சிறு வயதில் அவருக்குப் பொம்மை ரயில் மீது தீராத ஆசை. தகர ரயிலும் தண்டவாளமும் வைத்துக்கொண்டு, பாதை எங்கே பிரிய வேண்டும், எங்கே வளைய வேண்டும், எங்கே மறைந்து எங்கே வெளிப்பட வேண்டும் என்று மணிக்கணக்கில் திட்டமிடுவாராம். பின்னாளில் தாமே இதை எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் விளையாட்டை வீண் பொழுது என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக. பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தபின், 1949-இல் அமெரிக்கா சென்று மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், அடுத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் கட்டடக் கலை பயின்றார். 1955-இல் அங்கே அவர் சமர்ப்பித்த ஆய்வின் பகுதியாக ஒரு திரைப்படமே எடுத்தார். தாம் வாழும் பகுதியைச் சீரமைப்பதில் அங்கே குடியிருப்போரே ஈடுபடுவதைப் பற்றிய படம் அது. 1958-இல் பம்பாயில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அவர் நாடு திரும்பிய காலத்தில் இந்தியாவில் புதுக் கட்டடம் என்றால் லெ கொர்பூசியே என்னும் பெயர்தான் முதலில் வரும். சண்டிகர் நகரை அமைத்துக்கொண்டிருந்த அந்த ஐரோப்பியப் பேரறிஞர், அகமதாபாத் நகரிலும் ஓர் அரும்பொருளகம் கட்டினார். 1957-இல் முடிந்த அதற்குச் சன்ஸ்கார் கேந்திரம் என்று பெயர். தூண்களின் மீது தூக்கி நிறுத்திய செங்கற்பெட்டி என்று அதனை வருணிக்கலாம். சுவரில் ஜன்னல் என்று சொல்லத்தக்கது இல்லை. அடியில் நுழைந்து, நடுவிலுள்ள சாய்தளத்தில் ஏறி, பெட்டிக்குள் போகவேண்டும். வெயிலிலிருந்து பொருள்களைக் காக்க அது ஒரு வழி. மேதை ஒருவரின் வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் தெருவில் போகிறவனுக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பதே நம் கருத்து.

அதே அகமதாபாத்தில், அடுத்த ஆண்டே, சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளின் நினைவாக ஓர் அரும்பொருளகம் அமைக்கும் பணி கொரியாவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 28. காந்தியடிகள் 1917 முதல் 1930 வரை வாழ்ந்த இடம் அது. 1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் 78 தொண்டர்களுடன் தண்டிக்கு உப்பெடுக்கப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். அத்தகைய இடத்தில் மாளிகை எழுப்பலாமா? இளம் கலைஞருக்குப் பெயர் வாங்க அருமையான வாய்ப்பு. கோபுரம் போல ஒன்றை நிறுத்தியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. காந்தியடிகள் இருந்த குடிலைவிட உரத்துப் பேசாத ஒன்றைக் கட்டினார்.

அது எப்படிப்பட்டது என்று சொல்கிறோம். கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 6 மீட்டர் அளவுள்ள சதுரம் ஒன்று. நான்கு மூலையிலும் செங்கல் தூண்கள். மேலே நாற்புறமும் சரிந்த ஓட்டுக் கூரை. கீழே கல் பாவிய தரை. இதுதான் ஓர் அலகு. நம் பள்ளி வகுப்பறையைவிடச் சற்றே சிறியது. இதே அலகைப் பக்கத்தில் ஒன்று, அப்பால் ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று என்று கிராமத்து வீடுகள் போல அடுக்கிக்கொண்டு போனார். சிலவற்றுக்குச் சுவர் உண்டு. சிலவற்றுக்குச் சுவரே இல்லை. சில இடங்களில் கூரையும் இல்லை, அங்கே முற்றம். நடுவே நீர் நிறைந்த ஒரு முற்றம். எங்கும் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வருகின்றன. தூணுக்குத் தூண் போட்ட கான்கிரீட் உத்தரத்தை வாய்க்கால் போலக் குடைந்து, கூரையிலிருந்து வழியும் மழைநீரை அதன் வழியே ஓடவிட்டார். கூரையைத் தாங்கும் உறுப்பே நீரையும் கடத்துகிறது. தோட்டத்துக் கொத்தனாரும் தச்சரும் கட்ட முடியாதது இதில் என்ன இருக்கிறது? உத்தரத்துக்கு மட்டும் ஒரு பொறியாளர் வேண்டும். 1963-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் பிரதமர் நேரு இதனைத் திறந்துவைத்தார்.

இந்தக் கட்டடத்துக்கு வாசல் எது என்று தேட வேண்டியிருக்கும். மரநிழலில் நடந்துகொண்டே இருப்பீர்கள். எப்போது உள்ளே வந்தோம் என்பது தெரியாமலே உள்ளே வந்துவிட்டிருப்பீர்கள். கடிதங்கள், படங்கள், புத்தகங்கள் ஆகியவற்றைப் பார்ப்பீர்கள். கால் வலித்தால் நீர் முற்றத்தின் ஓரமாக உட்கார்ந்துகொள்வீர்கள். காவலர் வந்து எழுப்பும் இடமாக அது தோன்றாது.

உட்காருவது என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பிள்ளைகளைக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் இதை அறிவார். முதல் அறையில் நாற்பது கேள்வி. இரண்டாவது அறையில் பத்து. நான்காவது அறைக்கு வரும்போது பையன்கள் தரையில் சறுக்கி விளையாடத் தொடங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் சுவரில் சாய்ந்துகொண்டு எப்போது சாப்பாடு என்கிறார்கள். நாம் அதட்டுகிறோம். ஆனால் தவறு பிள்ளைகள் மீது இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் செயலாளராக இருந்த கில்மன் என்பவர், 1916-ஆம் ஆண்டிலேயே இந்தக் களைப்பைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஒருவரை நடக்கவும் குனியவும் எட்டிப் பார்க்கவும் வைத்து, ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்துக் காட்டினார். பெட்டிகளின் உயரமும் எழுத்தின் சிறுமையும் உடலை எப்படி வாட்டுகின்றன என்பது அதில் தெரிந்தது. கண்ணுக்கு ஓய்வு வேண்டும், காலுக்கும் வேண்டும். கொரியா கண்ட மருந்து எளியது: அறைக்கு அறை நடுவே கொஞ்சம் வானம்.

இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'வானம் பார்த்த வெளி' என்று சொல்லலாம். வானம் பார்த்த பூமி என்று நம் பாட்டன்மார் ஊரில் சொல்வார்களே, அந்தச் சொல்வழக்கை ஒட்டி நாமே இட்ட பெயர்தான். வெப்ப நாடுகளில் மனிதன் நாள் முழுதும் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் முற்றம், நண்பகலில் உள்ளறை, மாலையில் திண்ணை, இரவில் மொட்டை மாடி என்று பொழுதுக்கேற்ப இடம் மாறி வாழலாம். எனவே கூரையில்லாத இடமும் ஓர் அறையே என்பது அவர் கொள்கை. குளிர்நாட்டார் பெட்டி கட்டுவது குளிருக்காக. நாம் ஏன் அந்தப் பெட்டியைக் கட்டிவிட்டு, அதைக் குளிரூட்ட மின்கட்டணம் செலுத்த வேண்டும் என்று கேட்டார்.

இந்த உண்மையை அறிய இந்தியாவுக்குப் போகவேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் எந்தப் பழைய கடைவீட்டுக்குள்ளும் நுழைந்து பாருங்கள். முன்னால் காக்கி லீமா. வெயிலும் மழையும் படாமல் ஊரார் நடந்துபோகும் ஐந்தடி நடை. அது வீட்டுக்காரருக்கும் சொந்தம், வழிப்போக்கருக்கும் சொந்தம். உள்ளே போனால் நீண்ட குகை போல வீடு. ஆனால் நடுவழியில் திடீரென்று மேலிருந்து வெளிச்சம் விழும். அங்கே கூரை திறந்திருக்கும். கீழே சிறு முற்றம், ஒரு தொட்டி, இரண்டு பூச்செடி. சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போக, தெருப்பக்கத்துக் காற்று உள்ளே இழுபடும். பினாங்கு தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளிலும் இதே அமைப்புதான். லீத் தெருவில் சோங் பாட் சீ என்னும் செல்வர் கட்டிய நீல மாளிகையில் 38 அறைகளும் 5 முற்றங்களும் இருக்கின்றன. பழுதுபட்டுக் கிடந்த அந்த மாளிகையைப் பினாங்கின் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் துணைவியாரும் நண்பர்களும் சேர்ந்து வாங்கிச் சீரமைத்தார்கள். அதற்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமானதற்கு இத்தகைய வீடுகளும் ஒரு காரணம். சீனர் வீட்டிலும் செட்டிநாட்டு வீட்டிலும் நம் கண்முன் இருந்த முற்றத்தைத்தான் கொரியா எடுத்து அரும்பொருளகத்துக்குள் வைத்தார்.

அவர் 1960-களிலும் 70-களிலும் வீடுகள் பல கட்டினார். புதிய பம்பாய் நகரம் அமைக்கும் யோசனையை வேறு இரு வல்லுநர்களோடு சேர்ந்து முன்வைத்து, 1970 முதல் 1975 வரை அதன் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணிபுரிந்தார். அது பெரிய கதை. தனிச் சொற்பொழிவுக்கு உரியது. நாம் போபாலுக்குப் போவோம்.

மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில் பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் கரைச் சரிவில் பாரத் பவன் என்னும் கலை மன்றம் 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. சாலையில் நின்று பார்த்தால் கட்டடமே தெரியாது. தெரிவது தோட்டம், நடக்கும் தளம், அப்பால் ஏரி. நீங்கள் நிற்பது கூரையின் மேல்! அங்கிருந்து படிப்படியாகக் கீழே இறங்கினால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றிக் கலைக்கூடம், நூலகம், நாடக அரங்கு. கான்கிரீட் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூண்டுகள் வழியாக உள்ளே வெளிச்சம் இறங்குகிறது. அரும்பொருளகம் என்றால் படியேற வேண்டும் என்பது உலக வழக்கு. இங்கே படியிறங்குகிறோம், ஆற்றுக்கும் குளத்துக்கும் இறங்குவது போல. ஏறுகிறவன் அண்ணாந்து பார்க்கிறான். இறங்குகிறவனுக்கு அந்த அச்சம் இல்லை. மாலை நேரத்தில் ஊர்மக்கள் காற்று வாங்க வந்து, அப்படியே ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போக இடமிருக்கிறது.

கட்டடம் வா என்றால் போதுமா? உள்ளே யாருடைய பொருள் இருக்கிறது என்பதும் முக்கியம் அல்லவா? பாரத் பவனின் கலைக்கூடத்துக்குப் பொறுப்பேற்றவர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர், பெயர்பெற்ற ஓவியர். அவர் நகரத்து ஓவியர்களின் படங்களையும் காட்டுவாழ் பழங்குடியினரின் படங்களையும் ஒரே நிறுவனத்தில் சமமாக வைத்தார். இளைஞர்களை ஊர் ஊராக அனுப்பி, சுவரில் கோலமும் உருவமும் தீட்டும் கைகளைத் தேடச் சொன்னார். பாட்டன்கர் என்னும் சிற்றூரில் அவர்கள் கண்ட ஓர் இளைஞர், ஜங்கட் சிங் ஷியாம். கோண்டு இனத்துப் பிள்ளை. போபாலுக்கு வந்து, தாளும் வண்ணமும் கைக்குக் கிடைத்ததும், அதுவரை யாரும் வரையாத வகையில் தம் குலதெய்வங்களையும் விலங்குகளையும் புள்ளிகளால் வரைந்தார். 1989-இல் பாரிஸில் நடந்த புகழ்பெற்ற கலைக்காட்சி ஒன்றில் அவருடைய ஓவியங்களும் இடம்பெற்றன. கொரியா போபாலில் கட்டிய சட்டமன்றக் கட்டடத்தின் சுவரிலும் அவர் தீட்டியிருக்கிறார். 2001-இல், நாற்பது வயதை எட்டும் முன்பே, ஜப்பானில் ஓர் அரும்பொருளகத்தில் தங்கி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில் இறந்துபோனார். அந்த முடிவு துயரமானது. ஆனால் அவருக்குப் பின் அவர் உறவினரும் ஊராருமாகப் பலர் ஓவியரானார்கள். கோண்டு ஓவியம் என்று உலகம் இன்று அறியும் கலை அவர் கைவழியே வளர்ந்தது.

தில்லியில் உள்ள தேசியக் கைவினை அரும்பொருளகத்துக்கும் இதே போக்குதான். 1975-இல் கொரியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, மெல்ல வளர்ந்து, 1990-இல் நிறைவு பெற்றது. இதற்கு முகப்பு என்று ஒன்றுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தாழ்ந்த சுவரும் ஓட்டுக் கூரையும். உள்ளே ஒரு தெரு. வானம் பார்த்த தெருதான். நடக்க நடக்கக் கிராமத்து முற்றம், அப்பால் கோவில் சார்ந்த பொருள்கள், அதற்கும் அப்பால் அரண்மனை சார்ந்தவை என்று அந்தத் தெரு நம்மை அழைத்துச் செல்கிறது. பொம்மை ரயிலின் பாதையை வளைத்து வளைத்துப் போட்ட சிறுவனின் கையை இங்கே காண்கிறோம். தமிழ்நாட்டு ஐயனார் கோவிலின் சுடுமண் குதிரைகளும் அங்கே உண்டு. அவை கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபடவில்லை. ஊர் எல்லையில் வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கென்றே குயவர் செய்தவை, இங்கும் வானத்தின் கீழேதான் நிற்கின்றன. கைவினைஞர்களையே வரவழைத்துத் தங்கவைத்து, பார்வையாளர் முன்னிலையில் நெய்யவும் வனையவும் செதுக்கவும் வைக்கும் வழக்கமும் அங்கே ஏற்பட்டது. செய்த கை யாருடையது என்று பார்ப்பவருக்கு அப்போது தெரிகிறது. இது அரும்பொருளகங்களில் அடிக்கடி காணாத ஒன்று.

ஜெய்ப்பூரில் உள்ள ஜவாஹர் கலா கேந்திரத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது மிக எளிது. கோவிலில் நவக்கிரகம் சுற்றியவர்கள்தானே நாம்! ஒன்பது சதுரங்கள், மூன்று மூன்றாக. ஒவ்வொன்றும் 30 மீட்டர். 1727-இல் ஜெய்ப்பூரை நிறுவிய மன்னர் ஜெய்சிங், நகரத்தையே ஒன்பது சதுரமாக வகுத்தார். குன்று ஒன்று குறுக்கிட்டதால் ஒரு சதுரம் மட்டும் இடம் மாறியது. கொரியாவும் தம் கட்டடத்தில் ஒரு சதுரத்தை அதேபோல விலக்கி வைத்து, அந்த இடைவெளியை வாசலாக்கினார். ஒவ்வொரு சதுரமும் ஒரு கிரகம். அறிவுக்குரிய குருவின் சதுரத்தில் நூலகம். கலைக்குரிய சுக்கிரனில் நாடக அரங்கு. சந்திரனில் உணவகமும் விருந்தினர் அறையும். புதனில் அரும்பொருள்கள். நடுவே சூரியன். அந்தச் சதுரத்தில் என்ன கட்டினார் தெரியுமா? ஒன்றும் கட்டவில்லை. சுற்றிலும் படிகள், நடுவில் வெறும் வெளி, மேலே மெய்யான சூரியன். 1986-இல் தொடங்கி 1992 வாக்கில் இது முடிந்தது. சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பது இங்கே கேள்வியன்று. படித்தவரும் படிக்காதவரும் ஒருங்கே அறிந்த ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டார். எனவே அங்கே வரும் கிராமத்தாரும் இது என்ன அறை என்று ஊகிக்க முடிகிறது.

இங்கே ஒரு மறுப்பைச் சொல்லியாகவேண்டும். அகமதாபாத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. பினாங்கில் ஏறத்தாழ அதன் மூன்று மடங்கு. தாளும் துணியும் ஓலையும் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துப்போகும். வெளிச்சமும் அவற்றுக்குப் பகை. துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் அளவைத் தாண்டக் கூடாது என்பது காப்பாளர்களின் பொது விதி. நண்பகலில் வெளியே இருக்கும் வெளிச்சம் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே எல்லாவற்றையும் திறந்துபோடுங்கள் என்று கொரியாவின் பெயரால் சொல்வது பேதைமை. அவரும் அப்படிச் செய்யவில்லை. சபர்மதியிலும் கடிதங்களுக்கு மூடிய அறைகள் உண்டு. மூடியதையும் திறந்ததையும் அடுத்தடுத்து வைத்ததுதான் அவர் செய்தது. மழை மிகுந்த கேரளத்தில், கோவளம் கடற்கரையில், விடுதி கட்டியபோது குன்றின் சரிவோடு சரிவாக ஓட்டுக் கூரைகளை இறக்கினார். இன்னொரு குறையும் உண்டு: முற்றங்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் அன்றாடப் பராமரிப்பு தேவை. பெருக்க ஆள் இல்லையேல் முற்றம் குப்பைமேடு, தொட்டி கொசுப்பண்ணை. இதைக் கட்டடக் கலைஞர் மேல் ஏற்றுவதா நிர்வாகத்தின் மேல் ஏற்றுவதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆள் போட வக்கில்லாதவர் முற்றம் கேட்கக் கூடாது என்பது நம் கட்சி.

உலகில் வேறு வகை அரும்பொருளகங்களும் புகழ் பெற்றிருக்கின்றன. ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் ஃபிராங்க் கெரி 1997-இல் கட்டிய உலோகக் கட்டடத்தைப் பார்க்கவே கூட்டம் போகிறது. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பாரிஸ் லூவர் அரும்பொருளகத்தின் முற்றத்தில் ஐ. எம். பெய் 1989-இல் கண்ணாடிப் பிரமிடு எழுப்பினார். அது ஒரு வாசல்தான், ஆனால் உலகமே அடையாளம் காணும் வாசல். கொரியாவின் கட்டடங்களை இப்படி ஒரே படத்தில் அடக்கி அஞ்சலட்டையில் அச்சிட முடியாது. நடந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் அவருடைய புகழ் குறைந்துவிடவில்லை. பிரிட்டன் அரசக் கட்டடக் கலைக் கழகம் 1984-இல் தங்கப் பதக்கம் அளித்தது. இந்திய அரசு 2006-இல் பத்ம விபூஷண் வழங்கியது. தாம் படித்த மாசசூசெட்ஸ் கழகத்துக்கே மூளை ஆய்வு நிலையம் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். 2005-இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் ஊடே சரக்கு ரயில் பாதை ஒன்று செல்கிறது! கனடாவின் டொராண்டோவில் 2014-இல் திறக்கப்பட்ட இஸ்மாயிலி மையம் அவருடைய பிற்காலப் பணிகளுள் ஒன்று. தம் வரைபடங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2013-இல் அந்தப் பிரிட்டன் கழகத்தின் சேமிப்புக்கே கொடுத்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இவ்வழியில் எதுவும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் அரும்பொருளகம் 1996-இல் திறக்கப்பட்டது. அதை முதலில் வடிவமைத்தவர் லாரி பேக்கர் என்னும், இந்தியாவையே தம் நாடாக்கிக்கொண்ட ஆங்கிலேயர். அங்கே செட்டிநாட்டு வீடு ஒன்றை ஊரிலிருந்து பிரித்தெடுத்து வந்து, தூண் தூணாக மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வணிகர் வீடு மட்டுமன்று. நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு என எல்லாம் உண்டு. வீடே காட்சிப்பொருள். உள்ளே போகிறவர் திண்ணையில் உட்காரலாம்.

அப்படியானால் நம் லயத்து வீடு எங்கே? அந்தக் கேள்வி நமக்கு வருகிறது. பால்வெட்டுக் கத்தி, கோப்பை, பால் வாளி, பெரட்டுக் களத்தில் அடித்த தண்டவாளத் துண்டு, பழைய சம்பளப் புத்தகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்பொருள்கள் இன்னும் சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. சில பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகின்றன. ஒரு தோட்டத்துப் பாட்டி தாம் பயன்படுத்திய கத்தியைக் கண்ணாடிக்குப் பின்னால் காணும் நாளில், "அங்க நமக்கு என்னங்க சார் இருக்கு?" என்று கேட்கமாட்டார் அல்லவா? ஜார்ஜ் டவுனின் பார்க்குவார் சாலையில் 1965-இல் பினாங்கு மாநில அரும்பொருளகம் திறக்கப்பட்டபோது, அது குடிபுகுந்தது பினாங்கு ஃப்ரீ பள்ளிக்கென்று முன்னர் எழுப்பிய கட்டடத்தில். பள்ளிக்கூடம் அரும்பொருளகமாக முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டுவிட்ட தோட்டப்பள்ளிகள் எத்தனையோ நிற்கின்றன: செங்கல் தூண், சரிந்த கூரை, நீண்ட நடை, நடுவில் பெருக்கிய மண் முற்றம். சபர்மதியின் அலகை இங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு விடைபெறுகிறோம். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வரும்போது, உள்ளே விடும் பழைய கடைவீடு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். காக்கி லீமாவின் அகலத்தைப் பிள்ளைகளே அடிக்கோல் வைத்து அளக்கட்டும். முற்றத்தின் நீள அகலத்தையும் குறித்துக்கொள்ளட்டும். தெருவில் ஒரு வெப்பமானி, முற்றத்தில் ஒரு வெப்பமானி, கால் மணி நேரம் வையுங்கள். இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, ஏன் இந்த வேறுபாடு என்று கேளுங்கள். பிறகு தத்தம் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைப் படமாக வரைந்து, அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதட்டும். நாம் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.